மந்திரச் சுவடி கைக்கு வந்தால்

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இத்தகைய விழாக்களில் கல்வியின் சிறப்பைப் பற்றியோ காலத்தின் அருமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நான் மந்திரப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பயந்துவிடாதீர்கள்! மந்திரம் சொல்லிக் கொடுக்க நான் வரவில்லை. மந்திரம் எழுதிய பழைய ஏடோ நோட்டுப் புத்தகமோ கைக்கு வந்தால் அதை எப்படித் தொடுவது, எப்படிக் காப்பது, எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு தெரிந்திருக்கும். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடையை உருட்டிக் கதைக்குள் நடப்பார்கள். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன். உலகமே அழிந்துபோன பிறகு மிஞ்சியவர்களின் கதையாகவும் இதை ஆடுவதுண்டு. இடிந்த கட்டடத்துக்குள் ஒரு பழைய மந்திரப் புத்தகம் கிடைக்கும். “சரி, இப்போ என்ன செய்யப் போறே?” என்று கதை நடத்துபவர் கேட்பார்.

அந்த விளையாட்டின் மந்திர விதிகளுக்கு வழிகாட்டியாக இருந்தது, ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட ‘மடியும் பூமி’ என்னும் கதைநூல். சூரியன் அணையப் போகும் கடைசிக் காலம் அது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த மந்திரங்களில் ஏதோ நூறு சொச்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. மந்திரவாதி ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டுமே மனத்தில் ஏற்ற முடியும். சொல்லி முடித்ததும் அது மறந்துபோகும். மறுபடி புத்தகத்தைத் திறந்துதான் படிக்க வேண்டும். மேசை விளையாட்டிலும், சுருளில் எழுதிய மந்திரத்தைப் படித்துப் பயன்படுத்தினால் எழுத்து மறைந்துவிடும். ஆகவே கெட்டிக்கார மந்திரவாதி அவசரப்பட்டுப் படிக்க மாட்டான். முதலில் தன் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்வான்.

வெறும் விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடாதீர்கள். அதற்குள் மூன்று உண்மைகள் இருக்கின்றன. அரிய நூல் தொடத் தொடத் தேயும். படி எடுத்தால்தான் அது பிழைக்கும். விவரம் தெரியாமல் எடுத்துச் செய்து பார்த்தால் ஆபத்து. இம்மூன்றும் நம்முடைய ஓலைச் சுவடிகளுக்கு அப்படியே பொருந்தும்.

நம் ஏட்டுலகம் ஒரே நாளில் அழியவில்லை. வீட்டுக்கு வீடு, கட்டுக்குக் கட்டு என்று சிறுகச் சிறுக அழிந்தது. ஓலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் 300 ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. பழையது சிதையும்முன் புதிய ஓலையில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுத ஆளில்லாத தலைமுறை ஒன்று வந்தால் போதும், நூல் போய்விடும். தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் (1855–1942) சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது கண்டது இதைத்தான். ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டதாகச் சில வீடுகளில் சொன்னார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அதைப் பெரிய மரியாதை என்று நினைத்தே செய்தார்கள். அங்கேதான் நெஞ்சு வலிக்கிறது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) தம் பதிப்புரையில், ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும் சொல்லி வருந்துகிறார். இப்படிப்பட்டவர்கள் பட்ட பாட்டினால்தான் 1887-இல் சீவக சிந்தாமணியும் கலித்தொகையும், 1894-இல் புறநானூறும் அச்சேறின.

மரியாதையால் அழிந்தது ஒரு பக்கம் என்றால், பகையால் அழிந்தது இன்னொரு பக்கம். 1981-இல் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஓலைச் சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். படி எடுக்காமல் எரிந்த ஏட்டை யார் திரும்பக் கட்டுவது?

இலக்கிய ஏடுகளுக்கு இந்தக் கதி என்றால், மந்திர ஏடுகளின் கதி இன்னும் மோசம். புலவர் வீட்டு ஏட்டைத் தேடி ஐயர் வருவார். பூசாரி வீட்டு ஏட்டைத் தேடி யார் வருவார்? “அதத் தொடாதே, கண்ணு போயிடும்” என்று பாட்டி சொல்வார். “வீட்டுல வச்சிருந்தா குடும்பம் விளங்காது” என்று அடுத்த வீட்டு அத்தை சொல்வார். “எல்லாம் மூடநம்பிக்கை, கொளுத்து” என்று படித்த மாமா சொல்வார். பயந்தவரும் எறிவார், பயப்படாதவரும் எறிவார். பாவம், அந்த ஏடு என்ன செய்யும்!

அந்த ஏட்டுக்குள் என்னதான் இருக்கிறது? வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆக்ருஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம் என்று எட்டுக் கருமங்களைச் சொல்வார்கள். பிறருக்குக் கேடு நினைக்கும் பகுதி இருப்பது உண்மைதான், மறைக்க வேண்டாம். ஆனால் அதே ஏட்டில் தேள்கடிக்கும் சுளுக்குக்கும் குழந்தை அழுகைக்கும் பார்வை பார்க்கிற முறை இருக்கும். பச்சிலைப் பெயர்கள் இருக்கும். கட்டம் போட்டு, பழைய தமிழ் எண்களால் நிரப்பிய சக்கரம் இருக்கும். எந்தக் குலதெய்வத்துக்கு என்ன படையல் என்ற குறிப்பு இருக்கும். மருந்தில்லாத ஊரில், மருத்துவர் வராத தோட்டத்தில், நம் முன்னோர் எதற்கு அஞ்சினார்கள், எதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள் என்பதன் பதிவு அது. மந்திரம் பலிக்குமா என்பது வேறு வழக்கு. எழுதியவர் பட்ட கவலை பொய்யில்லை.

இதைப் பெரிய நூலகங்களும் உணர்ந்திருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகாலிலும், 1869-இல் தொடங்கிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் இலக்கியத்தோடு மருத்துவம், சோதிடம், மந்திரம் பற்றிய சுவடிகளும் இருக்கின்றன. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகளை யுனெஸ்கோ 1997-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நாம் அழுக்கு ஓலை என்று நினைப்பதை உலகம் செல்வம் என்று எண்ணுகிறது.

தமிழ்நாட்டுக் கதையை விடுங்கள், இந்த மண்ணின் கதையைக் கேளுங்கள். நாம் வாழும் இந்தக் கோலலங்காட் மாவட்டத்தில், 1890-களில் ஸ்கீட் என்ற வெள்ளைக்கார அதிகாரி பணி செய்தார். பாவாங், பொமோ என்று சொல்கிறோமே, அந்த மலாய் மந்திரக்காரர்களோடு அவர் உட்கார்ந்து பேசினார். இதே மாவட்டத்துச் சோடோய் என்ற இடத்தில், 1897 ஜனவரி 28-ஆம் நாள், நெல்லின் உயிரை வயலிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் சடங்கை நேரில் பார்த்து எழுதி வைத்தார். ஓதிய மந்திரங்களை மலாய் மொழியிலேயே குறித்துக்கொண்டார். 1900-இல் ‘மலாய் மந்திரம்’ என்ற பெயரில் தடித்த நூலாக அது வெளிவந்தது. அந்த வயல் எங்கே, ஓதிய கிழவி எங்கே? சொல் மட்டும் நிற்கிறது. எழுதி வைத்ததால் நிற்கிறது.

நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்திராவில் பத்தாக் மக்களின் மந்திரக்காரர்கள் மரப்பட்டையை மடித்து மடித்துப் புத்தகம் செய்தார்கள். அதற்குப் பெயர் ‘புஸ்தஹா’. நம் காதுக்குப் பழகிய ‘புஸ்தகம்’தான்! அவர்கள் எழுத்தும் இந்தியாவிலிருந்து போன எழுத்தின் பேரப்பிள்ளை. குரு எழுதியதைப் பார்த்துச் சீடன் எழுதிப் படித்த அந்த நூல்களில் பல, இன்று ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. தன் வீட்டுப் பொருளைப் பார்க்கப் பேரன் கப்பலேற வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். நாளைக்கே உங்கள் வீட்டுப் பரணிலோ சாமி மேடைக்கு அடியிலோ ஒரு கட்டு கிடைக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அவிழ்க்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். எந்தத் துணியில் சுற்றியிருந்தது, எந்தப் பெட்டியில் இருந்தது, கூட என்ன இருந்தது என்பதெல்லாம் செய்தி. செப்புத் தகடோ விபூதிப் பையோ இருந்தால் அதையும் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது, கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். விபூதிக் கை, எண்ணெய்க் கை கூடாது. துணிக் கையுறை போட்டால் உதிரும் ஓலையின் விளிம்பு நூலில் சிக்கும். சுத்தமான வெறுங்கையே நல்லது. எச்சில் தொட்டுப் புரட்டும் பழக்கம் இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க நஞ்சு மருந்து தடவிய பழைய நூல்கள் உண்டு. டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், 16, 17-ஆம் நூற்றாண்டு நூல்கள் மூன்றின் அட்டையில் ஆர்சனிக் நஞ்சு கலந்த பச்சைச் சாயம் இருப்பதை 2018-இல் வெளியிட்டார்கள். ‘தொட்டால் ஆபத்து’ என்ற பாட்டி சொல் முழுப் பொய்யுமில்லை, பார்த்தீர்களா!

மூன்றாவது, கயிற்றை இழுக்காதீர்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கட்டை அதன்மேல் வைத்து, ஒவ்வோர் ஏடாக இரு கையாலும் தாங்கித் திருப்புங்கள். வளைத்தால் ஒடியும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், மஞ்சள் நீர் எதுவும் வேண்டாம். எலுமிச்சைப் புல் எண்ணெய் தடவி ஓலையை மென்மையாக்கும் முறை உண்டு. ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. பசை நாடா, ரப்பர் வளையம், பிளாஸ்டிக் உறை இவையெல்லாம் ஏட்டுக்கு எமன். வெயிலில் உலர்த்துவதும் கூடாது.

நான்காவது, வரிசை கலையக் கூடாது. ஏட்டின் இடது ஓரத்தில் பெரும்பாலும் தமிழ் எண் இருக்கும். அதுவே ஏட்டெண். எழுத்தே தெரியவில்லை என்றால் வெற்று ஓலை என்று எறிந்துவிடாதீர்கள். எழுத்தாணியால் கீறியதன்மேல் கரி பூசினால்தான் எழுத்து கறுப்பாகத் தெரியும். கரி உதிர்ந்திருக்கும், கீறல் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பாருங்கள், முப்பாட்டன் கையெழுத்து எழுந்து வரும்.

ஐந்தாவது, படி எடுங்கள். ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, எண் வரிசையில் படம் எடுங்கள். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்துப் படியுங்கள். ஓலைக்கு ஓய்வு கொடுங்கள். மூலத்தைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் ஒரு பக்கம் வரும்; கரையான் ஒரு பக்கம் வரும். மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள்.

ஆறாவது, இதுதான் முக்கியம்: எழுதியிருப்பதைச் செய்து பார்க்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் காட்ட மாட்டார்கள். ‘கொல்’ என்பதும் ‘கோல்’ என்பதும் ‘கொல’ என்றே இருக்கும். கோலை எடுக்கச் சொன்னாரா, கொல்லச் சொன்னாரா? இடம் அறிந்தவருக்குத்தான் விளங்கும். சித்தர் நூல்களில் மறைமொழி வேறு. ‘வீரம்’ என்று ஒரு சரக்கு வரும். துணிச்சல் என்று நினைத்தால் தப்பு. அது கொடிய பாதரச உப்பு. தாளகம் என்பது ஆர்சனிக் நஞ்சு. பாஷாணம் என்பது நச்சுச் சரக்குகளுக்குப் பொதுப் பெயர். குருவிடம் கேட்டுத் தெரிந்துகொள் என்று ஒரு படியை வேண்டுமென்றே விட்டும் எழுதியிருப்பார்கள். பாதி தெரிந்தவன் கையில் அந்த ஏடு, சின்னப் பிள்ளை கையில் பால்கத்தி. பாம்பு கடித்தால் மந்திர ஏட்டைத் தேடக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ஏட்டைக் காப்பது வேறு, ஏட்டின்படி நடப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் நம்மவர்கள் கும்பிட்டு மூடினார்கள், இல்லையென்றால் கொளுத்தினார்கள்.

ஏழாவது, ஊரார் மானத்தைக் காப்பாற்றுங்கள். பூசாரித் தாத்தாவின் 555 நோட்டில் மந்திரம் மட்டுமா இருக்கும்? யார் பிள்ளைக்கு என்ன நோய், யார் யாரை வசியம் பண்ண வந்தார், யார் வீட்டில் என்ன சண்டை என்று பெயரும் நட்சத்திரமும் போட்டு எழுதியிருப்பார். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பத்துக் குழுவுக்கு அனுப்பினால், ஐம்பது ஆண்டு ஆறிய புண்ணை மறுபடி கீறுவதாகும். எதை வெளியே சொல்லலாம், எதை உள்ளே வைக்க வேண்டும் என்று குடும்பத்துப் பெரியவர்களோடு கலந்து முடிவு செய்யுங்கள். நூலைக் காப்பவனுக்கு வாயடக்கமும் வேண்டும்.

கடைசியாக, விற்காதீர்கள். ‘பழைய ஏடு இருக்கா? நல்ல விலை தர்றேன்’ என்று வருகிறவர் கட்டைப் பிரித்து, படம் வரைந்த ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடலாம். உங்களால் காக்க முடியவில்லை என்றால், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் கேளுங்கள். சென்னையில் உ. வே. சா. நூலகம் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம். கொடுக்கும்போது, யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். ஊர் பேர் இல்லாத ஏடு அநாதை.

அன்புப் பெற்றோர்களே, இதை இன்று சொல்லக் காரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்குக் குடிபோகும் நாளில், லாரிக்காரர் கீழே நின்று அவசரப்படுத்துவார். அப்போதுதான் தாத்தாவின் தகரப் பெட்டி ஆற்றுக்கோ குப்பைக்கோ மோரிப் கடலுக்கோ போகிறது. நூலகத்துக்குத் தீ வைத்தவர்களை நாம் திட்டுகிறோம், திட்ட வேண்டியதுதான். ஆனால் நம் பெட்டியை நாமே தண்ணீரில் விட்டால் யாரைத் திட்டுவது? அந்த ஏட்டைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஏடு இருந்து ஆள் போனால் பாதி நட்டம். இரண்டும் போனால் முழு நட்டம்.

மாணவச் செல்வங்களே, விளையாட்டில் கதை நடத்துபவர் கேட்ட கேள்வியையே உங்களிடம் விட்டுச் செல்கிறேன். புத்தகம் கிடைத்துவிட்டது, இப்போ என்ன செய்யப் போறீங்க? எரிப்பவனும் மந்திரவாதி இல்லை. எடுத்து ஓதிப் பார்ப்பவனும் மந்திரவாதி இல்லை. கை நடுங்காமல் திறந்து, எழுத்துப் பிசகாமல் படி எடுத்து, அடுத்தவன் கையில் பத்திரமாகக் கொடுக்கிறானே, அவன்தான் கெட்டிக்காரன். அதற்கு முதலில் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும். தமிழ் எண்களையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும். இந்தப் பள்ளி உங்களுக்கு அந்தத் திறவுகோலைத் தருகிறது. அரிச்சுவடி படித்த பிள்ளைக்கு அரிய சுவடி அந்நியமில்லை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம வீட்டுல பழைய ஏடு, நோட்டு ஏதாச்சும் இருக்கா?” இல்லை என்றால் நட்டமில்லை, ஒரு கதையாவது கிடைக்கும். இருக்கிறது என்றால் கையைக் கழுவிவிட்டுப் போங்கள்.

 பரிசு பெற்ற செல்வங்களுக்கு என் வாழ்த்து. அடுத்த ஆண்டு பெறப்போகும் செல்வங்களுக்கும் இப்போதே என் வாழ்த்து.